கூரை இல்லாத இருபத்திரண்டாம் எண்

சென்ற மாதம் நீங்கள் என்னை அலுவலகத்துக்கு அழைத்துத் தேநீர் கொடுத்தபோது, ஓய்வு பெற்றவனுக்குக் கனவில் என்ன வரும் என்று உங்களில் ஒருவர் கேட்டார். கோப்புகள் வருமா, மேலதிகாரிகள் வருவார்களா என்று மற்றவர்கள் சிரித்தீர்கள். நானும் சிரித்து மழுப்பிவிட்டேன். உண்மையைச் சொன்னால், எனக்குத் தெருக்கள் வருகின்றன. பனி இறங்கிய விடியலில் நம் பழைய பேட்டையின் தெரு ஒன்று தொடங்குகிறது. நான் சுவரோரமாக நடக்கிறேன். ஒவ்வொரு கதவின் மேலும் ஓர் எண் இருக்கிறது. ஆனால் அருகில் செல்லும்வரை அது என்ன எண் என்று தெரிவதில்லை. அருகில் சென்றதும் விழித்துவிடுகிறேன். இதில் அச்சம் ஏதும் இல்லை. யாரோ கதவைத் திறக்கப் போகிறார்கள் என்ற எதிர்பார்ப்போடு கண் விழிப்பது சுகமாகவே இருக்கிறது.

நீங்கள் இப்போது தெருக்களுக்குப் பெயரும் வீடுகளுக்கு எண்ணும் இடும் பிரிவில் சேர்ந்திருக்கிறீர்கள். வேலையின் முறைகளைப் பயிற்சியில் உங்களுக்குச் சொல்லிவிடுவார்கள். அவற்றை நான் திரும்ப எழுதப்போவதில்லை. முறை ஒன்றைச் சொல்ல, கண் வேறொன்றைக் காணும் வேளைகள் இந்தத் தொழிலில் வரும். அப்போது பின்னால் ஒரு தெருவே காத்துக்கொண்டிருக்கும், கைபேசி அடித்துக்கொண்டிருக்கும், எல்லோரும் ஓர் எளிய வழியைக் காட்டிக்கொண்டிருப்பார்கள். அப்படி எனக்கு வாய்த்த ஒரு நாளை மட்டும் இங்கே எழுதுகிறேன். அது நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய மார்கழியில் நடந்தது.

ஓசூருக்கும் கிருஷ்ணகிரிக்கும் இடையே, நெடுஞ்சாலையை விட்டுச் சற்று ஒதுங்கி நிற்கும் நம் ஊரின் கோட்டைவாசல் தெருவை நீங்கள் அறிவீர்கள். அங்கே கோட்டையும் இல்லை, வாசலும் இல்லை. கன்னடம் பேசுவோர் அதைக் கோட்டெ பாகிலு என்பார்கள். தெலுங்கு பேசுவோர் கோட்ட வாகிலி என்பார்கள். எந்த மொழியில் சொன்னாலும், இல்லாத ஒரு வாசலைச் சொல்லித்தான் மக்கள் தங்கள் இருப்பிடத்தைத் தெரிவிக்கிறார்கள். அத்தெருவில் எண்கள் போகும் வழியும் தனியானது. தெருமுகத்தில் இடக்கைப் பக்கம் தொடங்கி மேலே ஏறிச் சென்று, முனையில் இருக்கும் மாரியம்மன் கோயிலை வலம் வந்து, மறுபக்கமாக இறங்கித் தெருமுகத்துக்கே திரும்பும். ஆகவே முதல் வீடும் கடைசி வீடும் எதிரெதிரே நின்று ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்கும்.

அந்தப் பேட்டையில் ஒரு வழக்கம் உண்டு. மழையிலோ மூப்பிலோ ஒரு வீடு விழுந்துவிட்டால், எல்லாவற்றையும் அப்புறப்படுத்தினாலும் வாசல் நிலையை மட்டும் பிடுங்க மாட்டார்கள். புதிய நிலை வைக்கும் நாள்வரை பழைய நிலையும் கதவும் அப்படியே நிற்கும். நிலையைப் பிடுங்கிவிட்டால் அந்தக் குடும்பம் குடி பெயர்ந்துவிட்டது என்று பொருள். நிலை நிற்கும்வரை, சுற்றிலும் சுவரே இல்லாவிட்டாலும், வீட்டார் அந்தக் கதவைத் திறந்துகொண்டுதான் உள்ளே போவார்கள்.

அன்று காலை எங்களிடம் ஒரு பெட்டி நிறையப் புதிய எண் தகடுகள் இருந்தன. ஒவ்வொரு தகட்டிலும் ஓர் எண்ணும், கைபேசியில் படிக்கக்கூடிய ஒரு கட்டக் குறியும் அச்சாகியிருக்கும். தகட்டைக் கதவில் பொருத்தியதும், அது இன்னாருடைய வீடு என்று கௌதம் தன் கைக்கணினியில் பதிவார். கௌதம் கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பொறியாளர். ஒப்பந்த நிறுவனத்தின் சார்பில் வந்திருந்த கெட்டிக்கார இளைஞர். தெருவில் எத்தனை கூரைகள் உண்டோ அத்தனை தகடுகள்தாம் பெட்டியில் இருந்தன. வானிலிருந்து எடுத்த படத்தைப் பார்த்து எண்ணியிருந்தார்கள்.

பனி கனமாக இருந்தது. நெடுஞ்சாலையில் கம்பெனிப் பேருந்துகளின் ஒலிப்பான்கள் தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதைப்போல் கேட்டன. தெருமுகத்தில் குடியிருக்கும் புளி வியாபாரி ஹபீப் பாய், தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, கடையைத் திறக்காமல் எங்கள் பின்னாலேயே வந்துகொண்டிருந்தார். நான் பில் கலெக்டராக இருந்த நாளிலிருந்தே அவர் என்னைக் கலெக்டரய்யா என்றுதான் கேலியாக அழைப்பார்.

இருபத்தொன்றாம் தகட்டை, லாரி உரிமையாளர் கிருஷ்ணப்பா தொழிற்சாலை இளைஞர்களுக்காகக் கட்டிக்கொண்டிருந்த விடுதியின் வாசலில் பொருத்தினோம். அதைத் தாண்டி நடந்தபோது பனிக்குள் ஒரு கதவு நின்றது. இருபுறமும் சுவர் இல்லை, மேலே கூரை இல்லை. மஞ்சள் பூசிய படி, குங்குமம் வைத்த நிலை, சாத்திய இரட்டைக் கதவு. உறக்கத்தில் ஒரு வீட்டை நினைத்தால் அதன் கதவு மட்டும் தெளிவாகத் தெரிந்து மற்றவை கரைந்திருக்குமே, அப்படி இருந்தது. நான் என்னை அறியாமலே அதன் முன் நின்று தட்டினேன்.

"சார், இங்க வாங்க. இந்தப் பக்கம் திறந்துதான் கிடக்கு" என்று உள்ளேயிருந்து கௌதமின் குரல் கேட்டது. அவர் பக்கவாட்டில் ஏற்கெனவே உள்ளே போயிருந்தார்.

"யாரது?" என்று கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு பெண்குரல் கேட்டது.

"நகராட்சியிலிருந்து வர்றோம்மா. கதவு எண்."

தாழ்ப்பாள் விலகியது. கையில் துடைப்பத்தோடு நாகவேணி நின்றார். நாற்பதைத் தாண்டியவர், மூக்கண்டப்பள்ளிப் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில் பொருள்களை அட்டைப்பெட்டியில் அடைக்கும் பகுதியில் வேலை. அங்கேயே ஓர் அறையில் வாடகைக்கு இருந்தார். ஐப்பசி மழையில் மண்சுவர் கரைந்து வீடு விழுந்த பிறகும், விடுமுறை நாளில் வந்து, இல்லாத வீட்டைக் கூட்டி, படிக்கு மஞ்சள் பூசிவிட்டுப் போவது அவர் வழக்கம்.

"வாங்கண்ணா" என்று என்னை அழைத்தவர், திரும்பிக் கௌதமைப் பார்த்தார். "நீ எந்த வழியா வந்தே தம்பி?"

"இங்க சுவரு இல்லையேக்கா..."

"சுவரு இல்லேன்னா? உங்க வீட்ல கொல்லைப்பக்கமா யாராச்சும் நடுவீட்டுக்கு வந்து நின்னா சும்மா இருப்பியா? வெளிய போய்ட்டு இப்படி வா."

கௌதம் ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு வந்த வழியே போய், சுற்றிக்கொண்டு, கதவு வழியாக வந்தார்.

"செருப்பைக் கழட்டுப்பா. கூட்டியிருக்குது இல்ல?" என்றார் ஹபீப் பாய், தம் செருப்பைக் கழற்றிக்கொண்டே.

சிக்கல் கைக்கணினியில் தொடங்கியது. கௌதம் கதவைப் படம் எடுத்தார், நாகவேணியின் பெயரைப் பதிந்தார், அதன் பிறகு நின்றுவிட்டார்.

"கூரை என்ன வகைன்னு கேக்குது சார். கான்கிரீட், ஓடு, ஷீட், ஓலை. ஏதாவது ஒண்ணைப் போட்டாத்தான் அடுத்த பக்கம் போகும்."

நாகவேணி அண்ணாந்து பார்த்தார். நாங்களும் பார்த்தோம். பனி மெல்லக் கலைந்து வெள்ளை வெளிச்சம் இறங்கிக்கொண்டிருந்தது.

"மேகம்னு ஒண்ணு இருந்தாப் போடு" என்றார் ஹபீப் பாய்.

"இல்லைங்க பாய். கூரை இல்லேன்னா காலிமனைன்னு எடுத்துக்கும். அதுக்கு நம்பர் வராது. இருபத்தொண்ணுக்கு அடுத்து அந்த ஓட்டு வீடு இருபத்திரண்டு ஆயிடும்."

"அப்ப நான் எங்க இருப்பேன்?" என்று நாகவேணி கேட்டார்.

அந்தக் கேள்வியின் முழுப் பொருளும் எனக்குத் தெரிந்திருந்தது. நம் பேட்டையில் பல மனைகளுக்குப் பட்டா தெளிவாக இல்லை. தலைமுறையாகக் குடியிருக்கிறோம் என்பதே உரிமை. அதற்குச் சான்று கதவு எண். நாகவேணியின் வீட்டுப் பழைய எண் சுவரில் எழுதப்பட்டிருந்தது. சுவரோடு அதுவும் மழையில் போயிற்று. இப்போது ஊர் முழுதும் எண் மாறும்போது இவருக்கு மட்டும் புதிய எண் வராவிட்டால், இருபத்தொன்றுக்கும் இருபத்திரண்டுக்கும் நடுவே நாகவேணி என்று ஒருவர் இல்லை. நாளை அந்த இடத்தில் ஓர் அறை எழுப்ப அனுமதி கேட்டு வந்தால், எந்த வீட்டுக்கு என்று நம் அலுவலகமே அவரைக் கேட்கும்.

அப்போது கிருஷ்ணப்பா ஓர் எவர்சில்வர் கூஜாவில் காப்பி கொண்டுவந்தார். விடுதிச் சாரத்தை ஒட்டிய பக்கமாக, சுவர் இருந்த இடத்தைத் தாண்டி, நேராக உள்ளே வந்தார். கௌதமை வெளியே அனுப்பிய நாகவேணி அவரை ஒன்றும் சொல்லவில்லை. புடவைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு சற்று ஒதுங்கி நின்றார்.

"என்னா சார் இவ்வளவு யோசனை?" என்று எங்களுக்கு ஊற்றிக் கொடுத்துக்கொண்டே கிருஷ்ணப்பா கேட்டார். நான் சொன்னேன். அவர் சிரித்தார். "இதுக்கா நின்னுட்டீங்கோ? நம்ம நம்பர்ல ஒரு கோடு போட்டுக் குடுத்துடுங்கோ. இருபத்தொண்ணு பை ஒண்ணு. நாகவேணி யாரு, நம்ம வீட்டுப் பொண்ணு. அவங்கம்மா கையில நானு எத்தனை நாளு ராகி முத்தெ தின்னிருக்கேன்."

நாகவேணியின் கண்கள் கலங்கின. "அப்படியே போட்டுடுங்கண்ணா. நம்பர்னு ஒண்ணு இருந்தாப் போதும்."

"சாஃப்ட்வேர்ல அதுக்கு வழி இருக்கு சார்" என்றார் கௌதம், நிம்மதியோடு. "இருபத்தொண்ணுக்கு உட்பிரிவா சேர்த்துட்டா கூரை கேக்காது."

என் கைபேசி அடித்தது. மேலதிகாரி. மறுநாள் காலையில் ஒரு பெரிய அதிகாரி தெருவைப் பார்வையிட வருகிறார்; அதற்குள் முடிந்திருக்க வேண்டும். நான் நிலைமையைச் சொன்னதும், "பை போட்டு முடிச்சுட்டு வாங்க. ஒரு கதவுக்காகத் தெருவையே நிறுத்தாதீங்க" என்று வைத்துவிட்டார்.

இளைய நண்பர்களே, இத்தனை பேர் ஒரே சொல்லைச் சொன்ன அந்த நேரத்தைத்தான் நீங்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். அதிகாரி விரும்புகிறார். அண்டை வீட்டார் அன்போடு தருகிறார். கணினி ஏற்கிறது. பெறுகிறவரே கைகூப்புகிறார். மறுப்பவன் மட்டும் கல்நெஞ்சனாகத் தெரிவான்.

எனக்கு முன்னால் இந்த வேலையைப் பார்த்தவர் ஒருவர் இருந்தார். பெயர் எழுதுவதை அவர் விரும்பமாட்டார். அதிகம் பேசாதவர். எந்தக் கதவின் முன்னாலும் தூரிகையை எடுக்குமுன், வீட்டார் சலித்துக்கொள்ளும் அளவுக்கு நின்றுகொண்டேயிருப்பார். ஒரு மாலை வேறோர் ஊரில், இருவரும் மிதிவண்டியில் திரும்பும்போது ஒரு கிடங்கின் அருகே இறங்கினார். அதன் நீண்ட சுவரில், மூடிக் கட்டப்பட்ட ஒரு வாசலின் தடம் இருந்தது. அதன் மேல் 9/1 என்று மங்கிய தார் எழுத்து. வெயில் சாய்ந்து அந்தச் சுவர் முழுதும் தேன் நிறமாக இருந்தது. அவர் அந்தச் சாய்கோட்டை விரலால் தொட்டு, "இந்தக் கோட்டுக்குக் கீழ ஒருத்தர் குடியிருந்தார்" என்று மட்டும் சொல்லிவிட்டு ஏறிக்கொண்டார். கோட்டுக்குக் கீழே எழுதிய எண் கோட்டுக்கு மேலே உள்ள வீட்டின் பகுதி. கொடுத்தவர் காலத்தில் அது அன்பு. அவர் பிள்ளைகள் காலத்தில் அது பாகம். அதற்கும் பின்னால் அது ஒரு தடம்.

"பை நம்பர் வேண்டாம்மா" என்றேன்.

நாகவேணிக்குக் கோபம் வந்துவிட்டது. "என்னண்ணா இது. மிஷினு குடுக்குது, மாமா குடுக்கறாரு, உங்க ஆபீசே குடுக்குதுங்கறீங்க. குடுக்கறவங்க கையையும் நீங்க புடிச்சா எப்படி? எனக்குன்னு பேச யாரும் இல்லேன்னுதானே?"

அதற்கு நான் என்ன விளக்கம் சொன்னாலும் அது ஓர் அலுவலகக்காரன் பேச்சாகவே அவர் காதில் விழுந்திருக்கும். ஆகவே கிருஷ்ணப்பா பக்கம் திரும்பினேன்.

"இந்தக் கோடு ஒண்ணும் பெரிய விஷயம் இல்லைதானே சார்?"

"ஒண்ணுமே இல்லை சார். ஒரு அடையாளத்துக்குத்தானே?"

"அப்ப இப்படிச் செய்வோம். இருபத்தொண்ணை இந்தக் கதவுக்குக் குடுத்துடறேன். உங்க விடுதிக்கு இருபத்தொண்ணு பை ஒண்ணு. நம்ம வீட்டுப் பொண்ணோட நம்பர்தானே?"

கிருஷ்ணப்பா சிரித்தார். "தமாஷ் பண்றீங்கோ."

"இல்லை சார். கௌதம், அந்தத் தகட்டைக் கழட்டுங்க."

கௌதம் திருப்புளியை எடுத்துக்கொண்டு நகர்ந்தார். கிருஷ்ணப்பாவின் கையில் இருந்த டம்ளர் பாதியில் நின்றது.

"இருங்கோ, இருங்கோ. அது எப்படி சார் ஆகும்? நானு லோனு வாங்கி மூணு மாடி எழுப்பறேன். நாளைக்கு யாராச்சும் வந்து, இது நாகவேணி மனையில சேர்ந்தது, அவங்க வீட்டுப் பாகம்னு சொன்னா..."

சொல்லை அவர் அங்கேயே நிறுத்திக்கொண்டார். காற்றில் கதவு சிறிது அசைந்து மீண்டும் நிலையோடு சேர்ந்தது. நாகவேணி துடைப்பத்தைச் சுவர் இருந்த இடத்தில் சாய்க்கப் போனார், அது விழுந்தது, அதை எடுக்கவில்லை.

"அப்ப எனக்கு மட்டும் ஆகுமா மாமா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"நானு அப்படி நெனச்சுச் சொல்லலைம்மா" என்றார் கிருஷ்ணப்பா. அவர் காதுகள் சிவந்திருந்தன.

அவர் சொன்னதை நான் நம்பினேன், இன்றும் நம்புகிறேன். தீய எண்ணம் உள்ளவனை நாம் எளிதில் கண்டுகொள்வோம். நல்லெண்ணத்தோடு நீட்டப்படும் கையில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதுதான் நமக்குச் சம்பளம் தரும் வேலை. ஐயம் வந்தால், அதே பொருளைக் கொடுப்பவருக்கே திருப்பி நீட்டிப் பாருங்கள். அவர் வாங்கிக்கொண்டால் அது நல்ல பொருள்.

"முழு எண் தர்றோம். இருபத்திரண்டு" என்றேன்.

"தரலாம் சார். ஆனா கூரை?" என்றார் கௌதம். அந்த இளைஞரை நான் பாராட்டியே ஆக வேண்டும். என்னை மீறியும் போகவில்லை, சும்மாவும் நிற்கவில்லை. கைக்கணினியை மேலும் கீழும் தள்ளித் தேடிக்கொண்டேயிருந்தார். "சார், 'கட்டுமானம் நடக்கிறது'ன்னு ஒரு வகை இருக்கு. அதுக்குக் கூரை கேக்காது. ஆனா வேலை தொடங்கினது போட்டோவில தெரியணும்."

"தை பொறந்துதான் தொடங்கணும்னு இருந்தேன்" என்றார் நாகவேணி. "மார்கழியில வீட்டுக்கு மண்ணு கொத்தக் கூடாதே. எங்கம்மா இருந்தா ஒத்துக்கவே மாட்டாங்க."

"அந்த மிஷினுக்குத் தை மார்கழி தெரியாதே தாயி" என்றார் ஹபீப் பாய்.

ஒரு பெண் தன் வீட்டை மார்கழியில் தொடங்குவதா என்பது நம் அதிகாரத்தில் அடங்கிய செய்தி அன்று. பொய்யாகப் படம் எடுக்கவும் எனக்கு மனமில்லை. கிருஷ்ணப்பாதான் மனையின் ஓரத்தில் கிடந்த மண்மேட்டைக் காட்டினார்.

"கடைக்காலுக்குத் தோண்டினாத்தானே மார்கழி பார்க்கணும்? மழையில சரிஞ்ச மண்ணு இங்கயே குமிஞ்சு கிடக்குது. அதை வாரித்தானே கட்ட முடியும். வாரறதும் வேலைதான். அதுக்கு நாளு நட்சத்திரம் எதுக்கு?"

சொல்லிவிட்டு, தம் கட்டடத்துக்குப் போய் ஒரு மண்வெட்டியும் சட்டியும் எடுத்துவந்தார். நாகவேணி புடவையைச் செருகிக்கொண்டார். அவர் முன்பு தூங்கிய அறையின் சுவர்தான் அந்த மண்மேடு. முதல் வெட்டில் உள்ளே ஒரு பக்கம் நீலச் சுண்ணாம்பு பூசிய கட்டி ஒன்று வெளிப்பட்டது. அவர் அதைப் பார்த்துவிட்டு, தனியே எடுத்து வைத்துவிட்டு, அடுத்த வெட்டு வெட்டினார். கௌதம் படம் எடுத்தார்: பனி முழுதும் விலகிய வெளிச்சம், ஒரு பெண், ஒரு மண்மேடு, பின்னால் தனியே நிற்கும் கதவு. கைக்கணினி அடுத்த பக்கத்துக்குச் சென்றது.

இருபத்திரண்டாம் தகட்டை நிலையின் மேற்கட்டையில் நானே முடுக்கினேன்.

அதோடு கதை முடியவில்லை. கூரைகளை எண்ணி அச்சிட்ட தகடுகளில் இப்போது ஒன்று குறைந்தது. ஒவ்வொரு வீடும் ஓர் எண் தள்ளிப்போக, தெருவைச் சுற்றி இறங்கி வரும்போது கடைசி வீட்டுக்குத் தகடு இல்லை. கடைசி வீடு ஹபீப் பாயுடையது. மறுநாள் அதிகாரி வண்டியை விட்டு இறங்கியதும் பார்க்கப்போகும் இரண்டு கதவுகளில் அது ஒன்று.

விஷயத்தைச் சொன்னதும் பாய் முதலில் சிரித்தார். "இருபத்திரண்டு வாசல்ல அவ்வளவு வாய் பேசிட்டு வந்தேன். கடைசியில எனக்குத்தான் வேட்டா?" பிறகு சிரிப்பு நின்றது. தலைத் துண்டை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு, கடை வாசலில் புளி மூட்டையின் மேல் உட்கார்ந்தார்.

"கலெக்டரய்யா, கோவிச்சுக்காதீங்க. அந்தப் பொண்ணுக்கு நம்பர் வந்தது எனக்கு நெசமாவே சந்தோஷம். ஆனா ஊருக்கெல்லாம் நம்பர் இருந்து எங்க வீட்டுக்கு மட்டும் இல்லேன்னா வீட்ல தூங்க மாட்டாங்க. எங்களுக்கு அட்ரஸ்னா வெறும் அட்ரஸ் இல்லை. உங்களுக்குத் தெரியாதது இல்லை."

எனக்குத் தெரியும். ஒருவருக்குச் செய்யும் நியாயத்தின் சுமை இன்னொருவர் வாசலில் போய் இறங்குவது நம் தொழிலில் அடிக்கடி நடக்கும். அப்படி நடக்கும்போது, அது சுமையே இல்லை என்று சொல்லிச் சமாளிக்காதீர்கள். நான் அவர் அருகில் இன்னொரு மூட்டையின் மேல் உட்கார்ந்தேன்.

"பயம் நியாயமானது பாய். நீங்க வேண்டாம்னு சொன்னா இன்னைக்கு வேலையை இங்கயே நிறுத்திடறேன். ஆபீசர்கிட்ட நான் பேசிக்கறேன்."

கௌதம் குனிந்து, கைக்கணினியை அவர் கண்ணருகே காட்டினார். "இதப் பாருங்க பாய். உங்க பேரு, உங்க அப்பா பேரு, நாற்பத்தாறு. பதிஞ்சாச்சு. தகடு அச்சாகி வர்றதுதான் பாக்கி."

பாய் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு எழுத்தெழுத்தாகப் படித்தார். தந்தையின் பெயரில் கொஞ்சம் அதிக நேரம் நின்றார்.

"இதுல இருக்குதில்ல?"

"இருக்கு பாய்."

"சரி. அதுவரைக்கும் சாக்பீஸ்ல எழுதுங்க. நல்லாப் பெருசா எழுதுங்க. ஆபீசரு கண்ணாடி மறந்துட்டு வந்தாலும் தெரியணும்."

நான் எழுதினேன். இத்தனை ஆண்டுகளில் நான் எழுதிய எண்களில் அதுவே பெரியது. புளியின் மணம் நிறைந்த அந்த வாசலில், கரும்பச்சைக் கதவின் மேல், வெள்ளையாக நாற்பத்தாறு.

மறுநாள் வந்த அதிகாரி இறங்கியதும் அதைத்தான் பார்த்தார். ஏன் என்று கேட்டார். நான் அவரை இருபத்திரண்டு வரை அழைத்துச் சென்றேன். அவர் அந்தக் கதவையும் தகட்டையும் சற்று நேரம் பார்த்தார். எழுத்தில் விளக்கம் கொடுங்கள் என்று சொல்லிவிட்டு நடந்தார். நான் ஒன்றையும் மறைக்காமல் எழுதிக் கொடுத்தேன். அதன் மேல் எந்தக் கேள்வியும் வரவில்லை, பாராட்டும் வரவில்லை. சுண்ணக்கட்டி எழுத்து மங்கும்போதெல்லாம் பாயே அதன் மேல் தம் கையால் திருத்தி எழுதிக்கொண்டார். தகடு வந்து பொருத்தியபோது, எண் சற்றுச் சிறியதாகிவிட்டது என்று குறைப்பட்டார்.

தை மாதத்தில் ஒரு மாலை வேறு வேலையாக அத்தெருவில் ஏறினேன். பனிக்காலம் தேய்ந்து வெயில் பொன்னாக இறங்கியிருந்தது. இருபத்திரண்டின் கதவு திறந்திருந்தது. உள்ளே மண்மேடு இல்லை. தரை துப்புரவாக இருந்தது. ஒரு கொத்தனார், கடைக்கால் தோண்டுவதற்கு எல்லை குறித்துக்கொண்டிருந்தார். விடுதியை ஒட்டிய பக்கத்துக்கு நூல் பிடிக்கும் நேரம் அது. மனையின் பின்கோடியில் நாகவேணி குந்தியிருந்து நூலின் ஒரு முனையைத் தரையோடு அழுத்திப் பிடித்திருந்தார். முன்பக்கத்தில், நிலைக்கு அருகே, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மறுமுனையைக் கட்டைவிரலால் அழுத்தியிருந்தவர் கிருஷ்ணப்பா.

"உங்க பக்கம் கொஞ்சம் தள்ளுங்க சார்" என்றார் கொத்தனார்.

கிருஷ்ணப்பா நூலைத் தம் சுவரை நோக்கி நகர்த்தினார். "போதுமா?"

"இன்னும் கொஞ்சம் மாமா" என்றார் பின்கோடியிலிருந்து நாகவேணி.

கிருஷ்ணப்பா தம் மூன்று மாடிச் சுவரை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். பிறகு குனிந்து, நூலை இன்னும் நகர்த்தி, விரலை அழுத்தினார். தொய்ந்திருந்த நூல் விறைத்து நின்றது. கொத்தனார் சுண்ணாம்புப் பொடியைக் கைநிறைய அள்ளி, அதன்மேல் மெல்லத் தூவிக்கொண்டே போனார்.